மிதிவண்டியும் தேநீர்க் கடைப் பெஞ்சும்

(மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நம் வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிக் கைகள் உயரும். பள்ளிக்கும் வீட்டுக்கும் தனிப்பயிற்சி வகுப்புக்கும் அல்லாமல் வேறு எங்கேனும் ஓட்டிச் சென்றதுண்டா என்று கேட்டால் ஐந்தாறு கைகள்தாம் மிஞ்சும். போன இடத்தில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்ததுண்டா என்று மூன்றாவதாகக் கேட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

என் கருத்து இதுதான். குளிர் மாதங்களில், சனிக்கிழமைக் காலைகளில், நாம் ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்து மிதிவண்டியில் புறப்பட வேண்டும். முன்னரே குறித்துக்கொண்ட ஒரு கடையில் கூட வேண்டும். உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். இதற்குச் சங்கம் வேண்டாம், தலைவி செயலாளர் வேண்டாம், சந்தா வேண்டாம், போட்டியும் பரிசும் வேண்டவே வேண்டாம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நம் அண்ணன்மார் கேட்கக்கூடும். கேட்கத்தான் செய்வார்கள், அவர்கள் நினைத்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள். நமக்கோ ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் புதன்கிழமையிலிருந்தே அம்மாவிடம் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டியிருக்கிறது.

ஏன் குளிர் மாதங்கள்? திருச்சியில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே வெயில் சுளீரென்று அடிக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியைத் தொடும், தாண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. ஆக, மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசித் தொடக்கம் வரை உள்ள எட்டு ஒன்பது சனிக்கிழமைகள்தாம் நமக்கு மிஞ்சுகின்றன. (ஞாயிறு காலையில் திருப்பலி இருப்பதால் அந்த நாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) அந்த மாதங்களின் இரவுக் குளிரும் ஏறக்குறைய 20 டிகிரிதான். அதற்கே நம் வீடுகளில் மப்ளரும் குரங்குக் குல்லாயும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகின்றன! பின்லாந்து நாட்டில் ஊலு என்றொரு நகரம் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரிலும் அங்குள்ள பிள்ளைகள் கெட்டித்த பனியின்மேல் மிதிவண்டி ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். குளிர்கால மிதிவண்டிப் பயணத்துக்கென்றே 2013இல் ஒரு பன்னாட்டு மாநாடு அந்நகரில் நடந்தது. அவர்கள் முன்னால் நம் மார்கழிப் பனியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் நம் ஊரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.25க்கும் 6.35க்கும் இடையில். ஆற்றோரச் சாலைகளில் அதற்குப் பிறகும் சற்று நேரம் மூட்டம் நிற்கும். எதிரே வரும் லாரிக்காரரை நாம் பார்த்துவிடுவோம். அவர் நம்மைப் பார்க்க மாட்டார். ஆகவே விடிவதற்கு முன் புறப்படும் வீரம் எதுவும் வேண்டாம். 6.45 மணி சரியான நேரம். வண்டியின் பின்பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாதவர்கள் ஒன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளட்டும். சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவதைவிட மஞ்சளோ வெள்ளையோ உடுத்தி வருவது நல்லது.

சென்ற ஆண்டு நாங்கள் ஆறு பேர், ஏழு சனிக்கிழமைகள் இப்படிச் சென்று வந்தோம். திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலையே எங்கள் சாலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஓடுகிறது. மேடு பள்ளம் இல்லை. வாழைத் தோட்டங்களும், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று சொல்லும்போதே இனிக்கிற பெயருள்ள ஊர்களும் வழியில் உண்டு. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அணை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஆனால் அணை வரை போனது இரண்டே முறை. மற்ற நாள்களில் பாதி வழியில் உள்ள ஒரு தேநீர்க் கடையே எங்கள் எல்லை. 'கல்லணை வரை போகவில்லையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அணை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆறு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவதுதான் காரியம்.

போகிற முறையைப் பற்றி நாங்கள் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, பழக்கத்தில் வந்தவைதாம். மெதுவாக ஓட்டுகிறவளின் வேகமே எல்லோருடைய வேகம். வழி தெரிந்தவள் முன்னே போவாள். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவள் கடைசியில் வருவாள். அவளைத் தாண்டி ஒருத்தியும் பின்தங்கக் கூடாது. சாலை குறுகலானது என்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். பேச்செல்லாம் கடையில். (இதுதான் மிகவும் கடினமான விதி.) 6.45க்கு வந்து சேராதவளுக்காகக் காத்திருப்பதில்லை. அவள் நேரே கடைக்கு வந்துவிடலாம். வரவே இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளியில் 'ஏன் வரவில்லை?' என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டில் அன்று தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்திருக்கலாம், தம்பிக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், அல்லது சும்மா தூங்கியிருக்கலாம். காரணம் சொல்லியாக வேண்டும் என்றாகிவிட்டால் அது இன்னொரு வகுப்பாகிவிடும். வகுப்புகள் நமக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இனித் தேநீர்க் கடைக்கு வருகிறேன். பெற்றோர் பலருக்கு மிதிவண்டிகூடப் பெரிய தடையில்லை, கடைதான் தடை. 'ஆற்றங்கரையில் நின்று காற்று வாங்கிவிட்டு வாருங்கள். பிளாஸ்கில் காபி போட்டுத் தருகிறேன். டீக்கடையில் போய்ப் பொம்பளைப் பிள்ளைகள் உட்காருவார்களா?' என்று என் அம்மாவே கேட்டார். அன்பினால் கேட்ட கேள்வி. பிளாஸ்கும் நல்ல பிளாஸ்க்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆளில்லாத ஆற்றங்கரையில் ஆறு பெண்கள் பிளாஸ்க்கோடு நிற்பது பாதுகாப்பா, நாலு பேர் வந்துபோகும் கடையில், கடைக்காரரின் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பது பாதுகாப்பா? கடைக்கு ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது, ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அந்த எண் எங்கள் ஆறு வீடுகளிலும் குறித்து வைக்கப்பட்டிருந்தது. எங்களில் மூவரிடம் கைப்பேசி கிடையாது. 7.30 மணிக்கு எந்த அம்மாவும் அந்தக் கடைக்குப் பேசி 'பிள்ளைகள் வந்தாச்சா?' என்று கேட்கலாம். வந்து சேர்ந்தவுடன் தலைகளை எண்ணுவோம். ஒருத்தி குறைந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்குப் போய்த் தெரியாது. சக்கரத்தில் காற்று இறங்கினால் பம்பு கிடைக்கும், மழை தூறினால் ஓட்டுக் கூரை கிடைக்கும். தேநீரும் பன்னும் சேர்த்து ஆளுக்கு முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இவ்வளவையும் ஒரு பிளாஸ்க் தருமா?

கடையைத் தேர்ந்தெடுப்பதில் பையன்கள் ஒருபோதும் நினைத்துப் பாராத ஒன்றை நாம் நினைத்தாக வேண்டும். அங்கே கழிப்பறை உண்டா, பூட்டாமல் வைத்திருக்கிறார்களா என்பதே அது. பல தேநீர்க் கடைகளில் அது இல்லவே இல்லை. நாங்கள் தேடித் தேடி, கடையின் பின்புறமே கடைக்காரரின் வீடும் அமைந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். அவருடைய மனைவியிடம் முதலில் பேசிப் பழகிக்கொண்டோம். நன்றாகக் காய்ச்சுகிற கடையைவிட இப்படிப்பட்ட கடையே மேல் என்பேன். அங்கே தேநீர் சற்றுக் கஷாயம் போலத்தான் இருக்கும்.

முதல் சனிக்கிழமை நாங்கள் உட்காரவில்லை. மிதிவண்டிகளைப் பிடித்துக்கொண்டே சாலையோரம் நின்று, நாக்கைச் சுட்டுக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் குடித்து முடித்தோம். பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் தாளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார்கள். கெட்ட பார்வை என்று சொல்ல மாட்டேன். பேருந்தில் ஆடு ஏறினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி! இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் கடைக்காரர், 'ஏம்மா நிக்கிறீங்க? உக்காருங்க. சாமி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்றார். ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து, தாம் படித்து முடித்த நடுப்பக்கத்தை எங்களிடம் நீட்டினார். ஐந்தாம் வாரம் நாங்கள் போகும்போதே பெஞ்சில் பாதி காலியாக இருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த இரண்டு அக்காமார் அன்று எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் எதிர்ப்புறம் புளிய மரத்தடியில் நின்றிருந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம்.

நம் ஊரில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1878இல் 'சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்' என்றொரு கழகம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் ஊர் ஊராகச் சென்று விடுதிகளில் தங்கி உணவருந்துவார்கள். கழகம் ஏற்றுக்கொண்ட விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னம் பொறித்த பலகை இருக்கும். 1898ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஹார்பர்ட்டன் சீமாட்டி என்பவர் சர்ரே மாவட்டத்தில் ஓக்கம் என்னும் சிற்றூரில் இருந்த 'ஹோபாய்' விடுதிக்கு மிதிவண்டியில் வந்து மதிய உணவு கேட்டார். நீண்ட பாவாடைக்குப் பதிலாக, மிதிவண்டிக்கு ஏற்ற தளர்ந்த காற்சட்டை அணிந்திருந்தார். அந்தக் கோலத்தில் காபி அறையில் உட்கார இடமில்லை, வேண்டுமானால் மது அருந்தும் பகுதியில் உள்ள அறையில் உட்காரலாம் என்று விடுதிக்கார அம்மாள் சொல்லிவிட்டார். கழகம் வழக்குத் தொடுத்தது. 1899இல் தீர்ப்பு வந்தது. வேறோர் அறையில் உணவு தர முன்வந்ததால் விடுதியின்மீது குற்றமில்லை என்று ஆயிற்று, கழகம் தோற்றது. சீமாட்டி என்ற பட்டமும் நாடறிந்த ஒரு கழகமும் பக்கத்தில் இருந்தும் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை! எங்களுக்குக் கடைக்காரரே தள்ளி உட்காரச் சொன்னார் என்பதை நினைக்கையில், கல்லணைச் சாலை சர்ரேயைவிடச் சற்று முன்னேறியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

உடை என்றதும் ஒரு சிறு குறிப்பு. சுடிதாரின் துப்பட்டாவை இரண்டு முனையும் தொங்க விட்டுக்கொண்டு மிதிவண்டி ஓட்டாதீர்கள். சக்கரத்திலோ செயினிலோ அது சுற்றிக்கொண்டால் கழுத்துக்கே ஆபத்து. குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளலாம். வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் உலகம் இடிந்துவிடாது. ஹார்பர்ட்டன் சீமாட்டி பாவாடையை விட்டதற்கும் இதே போன்ற காரணம்தான்.

நம்மிடமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள புதுக்கோட்டையை நாம் மறக்கலாகாது. அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் சேர்த்தார். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடறியச் செய்தார். அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பினார்கள் என்பது. முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! 'லேடீஸ் சைக்கிள் இல்லையே' என்று என்னிடம் சொல்லும் தோழியர் இதைக் கவனிக்கவும். கூட்டமாகப் போவதற்கும் ஆராய்ச்சியாளர்களின் சான்று உண்டு. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அதைப் பற்றிக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மாணவியர் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவிகிதம் உயர்ந்ததாகக் கூறுகிறது. தூரம் சுருங்கியது முதற் காரணம். பெண்கள் கூட்டமாக ஓட்டிச் சென்றதால் பாதுகாப்புக் கூடியதும், பெண்கள் வெளியே செல்வதைப் பற்றிய ஊராரின் எண்ணம் மாறியதும்கூடக் காரணங்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

நம்மில் பலருக்கு அடுத்த ஆண்டு, பதினோராம் வகுப்பில், அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: வண்டி வந்தபின் அதை யார் ஓட்டுவார்கள்? ஆறாம் வகுப்பில் என்னோடு பந்தயம் விட்டு என்னைத் தோற்கடித்த தோழி ஒருத்தி, எட்டாம் வகுப்புக்குப் பின் மிதிவண்டியைத் தொடவே இல்லை. 'இனிமேல் வேண்டாம்' என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேறு காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது ஷேர் ஆட்டோவில் வருகிறாள். அவளைப் போல ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவளுக்கு அரசு வண்டி கொடுத்தாலும் அது தம்பியின் கைக்குத்தான் போகும். அவளாகத் தனியே வீட்டில் கேட்க முடியாது. ஆனால் 'சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் போகிறோம், இன்ன கடை, இன்ன நேரம், இது கடையின் எண்' என்று நாம் நான்கு பேர் அவள் வீட்டு வாசலில் போய் நின்று அவள் அப்பாவிடம் கேட்க முடியும். சென்ற தை மாதம் கேட்டோம். 'பார்க்கலாம்' என்றார். அதற்குள் மாசி வந்துவிட்டது.

பெற்றோர் கூறும் மறுப்புகளில் வலுவான ஒன்று பொதுத் தேர்வு. எங்களுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். எனினும் சனிக்கிழமை காலை 6.45லிருந்து 9 மணி வரை உள்ள நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் என்ன படிப்பேன் என்பதை என் அம்மா நன்கு அறிவார். லாரிகளைப் பற்றிய பயத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது நாங்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். பெரியவர்கள் பயத்தை வைத்து நம்மைத் தடுக்காமல், பாலத்தின் ஓரத்தில் மிதிவண்டிக்கென ஒரு கோடு போடச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினால் நன்றாக இருக்கும். எழுதினால் நாங்களும் கையெழுத்திடுவோம்.

நம் அன்புக்குரிய அருட்சகோதரிகளுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இதைக் கேள்விப்பட்ட சகோதரி ஒருவர் மிகவும் மகிழ்ந்து, 'பள்ளி சார்பிலேயே நடத்தலாமே' என்றார். அவருடைய நல்ல மனத்துக்கு நன்றி. ஆனால் தயவு செய்து வேண்டாம். பள்ளி நடத்தினால் சுற்றறிக்கை வரும், சம்மதக் கடிதம் வரும், சீருடை வரும், பின்னாலேயே ஒரு வேன் வரும், முன்னால் ஒரு விசில் வரும். இறுதியில் தேநீர்க் கடைக்குப் பதிலாகப் பொட்டலம் கட்டிய தக்காளி சாதம் வரும். நல்ல சுற்றுலாவாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அதற்கும் நான் வரத் தயார். ஆனால் நாமே நேரம் குறித்து, நாமே வழி பார்த்து, நம் கைக்காசில் நாமே தேநீர் வாங்கிக் குடிப்பதை வேறொருவர் நமக்காக நடத்தித் தர இயலாது. சகோதரிகள் வேறோர் உதவி செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் 'இந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை போகிறார்களாம், நல்லதுதானே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் மூன்று நாள் பேச்சுவார்த்தை அரை நாளாகிவிடும்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். ஆகையால் இதை முக்கியமாக ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்காக எழுதுகிறேன். அடுத்த மார்கழிக்கு இன்னும் ஒன்பது மாதங்கள் உள்ளன. வீட்டில் பேசத் தொடங்குவதற்கு அது அதிகமில்லை. கடையின் எண்ணும் வழியும் வேண்டுவோர் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வந்து கேளுங்கள். பஞ்சர் ஒட்டும் பெட்டி ஒன்றும் கைப்பம்பு ஒன்றும் எங்கள் ஆறு பேருக்கும் பொதுவானவை. கேட்பவர்களுக்குத் தருவோம், பம்பின் வாஷரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.